எட்டுக்கு எட்டு வென்றும் வெளியே நின்ற அணி

ஊரவர்களுக்கும், குறிப்பாக உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

ஒரு கூடைப்பந்து அணி. பருவத்தின் கடைசி எட்டு ஆட்டங்களில் விளையாடியது. எட்டிலும் வென்றது. அந்தக் கட்டத்தில் ஒரு தோல்வியும் காணாத அணி அது ஒன்றுதான். அப்படியிருந்தும் அடுத்த சுற்றில் அதற்கு இடமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் ஃபீனிக்ஸ் சன்ஸ் என்ற இளம் அணிக்கு நடந்த கதை இது.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும் ஒவ்வொரு வருடமும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இந்த அணியின் பேச்சு ஒரு தடவையாவது வந்துவிடும். "ஏன் சேர், எப்பவும் அந்த டீமையே சொல்றீங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இம்முறை முழுக் கதையையும் எழுதிவிடுவோம் என்று நினைத்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் விளையாட்டு சேர். பின்னேரங்களில் பாடசாலையின் சீமெந்துத் திடலில் பந்து தட்டும் பையன்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அமெரிக்க ஆட்டங்களை முழுதாகப் பார்க்க எங்களுக்கு வசதி இல்லை. யூடியூப்பில் வரும் பத்து நிமிடச் சுருக்கம், தொலைபேசியில் வரும் புள்ளி விபரம், இவ்வளவுதான். 2020 இல் கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது அந்தப் பழக்கம் எங்களுக்கும் பையன்களுக்கும் சேர்ந்தே தொற்றியது.

முதலில் தொடரைப் பற்றிக் கொஞ்சம். என்.பி.ஏ. யில் 30 அணிகள். கிழக்கு 15, மேற்கு 15. வழமையாக ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். அப்போது ஒவ்வொரு பிரிவிலும் முதல் எட்டு இடத்தைப் பிடித்த அணிகள் பிளே ஓஃப் என்ற அடுத்த சுற்றுக்குப் போயின. ஒன்பதாவது அணிக்குப் பருவம் அத்தோடு முடிந்துவிட்டது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு கோடு. அதைத்தான் நாம் வெட்டுப்புள்ளி என்கிறோம்.

ஃபீனிக்ஸ் அணி 2010 க்குப் பிறகு அதுவரை அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கவே இல்லை. 2018-19 பருவத்தில் 82 ஆட்டங்களில் 19 வெற்றி, 63 தோல்வி. வகுப்பில் எப்போதும் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை மாதிரி ஓர் அணி. அடுத்த பருவத்துக்கு மொண்டி வில்லியம்ஸ் என்ற புதிய பயிற்றுவிப்பாளர் வந்தார். 2016 இல் ஒரு வீதி விபத்தில் மனைவியை இழந்தவர். குரல் உயர்த்தாமல் பேசும் மனிதர்.

அவர் கைக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். டெவின் புக்கருக்கு 23 வயது. நிறையப் புள்ளி எடுப்பார், ஆனால் அவர் எடுக்கும் புள்ளிகளால் அணி வெல்வதில்லை என்ற பெயர் அவருக்கு இருந்தது. டீஅண்ட்ரே எய்ட்டன் 2018 இல் முழு நாட்டிலும் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தோடு, தடை செய்யப்பட்ட ஒரு மருந்துக்காக 25 ஆட்டத் தடை வாங்கினார். மிக்கல் பிரிட்ஜஸ் பேசாமல் எதிரணியின் நல்ல வீரரைப் பிடித்து நிறுத்தும் பையன். கெமரன் ஜோன்சன் முதல் வருடக்காரர். அவரை 11 ஆவதாகத் தெரிவு செய்தபோது, இவ்வளவு முன்னுக்கு இவரை எடுப்பதா என்று பலர் சிரித்தார்கள். இவர்களுக்கு நடுவில் ஸ்பெயின்காரர் ரிக்கி ரூபியோ, 29 வயதில் ஒரு மூத்த சகோதரன் போல.

பருவம் நன்றாகத்தான் தொடங்கியது. முதல் 11 ஆட்டங்களில் 7 வெற்றி. பிறகு சரிவு. டிசம்பரில் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்கள் தோற்றார்கள். அந்த டிசம்பரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அங்கே வருவோம்.

2020 மார்ச் 11 ஆம் திகதி ஒரு வீரருக்குக் கொரோனா உறுதியானதும் முழுத் தொடரும் நின்றது. அதே வாரத்தில்தான் இங்கே எங்கள் பாடசாலைகளும் மூடப்பட்டன. அப்போது சன்ஸ் அணியின் கணக்கு 26 வெற்றி, 39 தோல்வி.

நாலு மாதம் கழித்துத் தொடரை மீண்டும் ஆரம்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி வளாகத்துக்குள் எல்லா அணிகளையும் கொண்டுபோய் அடைத்துவிடுவது. வெளியார் யாரும் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. பார்வையாளர்களுக்குப் பதிலாகப் பெரிய திரைகளில் வீட்டில் இருப்பவர்களின் முகங்கள். 30 அணிகளில் 22 ஐ மட்டும் அழைத்தார்கள். ஆளுக்கு எட்டு ஆட்டம்.

மேற்கிலிருந்து 13 அணிகள் அழைக்கப்பட்டன. அதில் சன்ஸ் 13 ஆவது. எட்டாவது இடத்தில் இருந்த மெம்பிஸ் அணியை விட ஆறு ஆட்டங்கள் பின்னால். இருப்பதோ எட்டே எட்டு ஆட்டம். நடுவில் போர்ட்லண்ட், நியூ ஓர்லியன்ஸ், சக்ரமெண்டோ, சான் அன்டோனியோ என்று நாலு அணிகள் வரிசையில் நிற்கின்றன. அந்த வருடத்துக்கு மட்டும் ஒரு விசேட விதி போட்டிருந்தார்கள். ஒன்பதாவது அணி எட்டாவது அணியை நாலு ஆட்ட இடைவெளிக்குள் நெருங்கிவிட்டால், இரண்டும் நேருக்கு நேர் மோதலாம். எட்டாவதுக்கு ஒரு வெற்றி போதும், ஒன்பதாவது இரண்டு தடவை வெல்ல வேண்டும். சன்ஸ் பிடிக்கப் பார்த்தது அந்த ஒன்பதாவது இடத்தையாவது.

இவர்களை எதற்கு அழைத்தார்கள் என்று அங்கே பலர் கேட்டார்கள். அணியில் முக்கியமான கெலி ஊப்ரே காயத்தால் விளையாடவில்லை. அந்த இடைவெளியில் கெமரன் பெய்ன் என்றொருவரை அழைத்து வந்தார்கள். 2015 இல் நல்ல இடத்தில் தெரிவானவர், பிறகு அணி அணியாகக் கைவிடப்பட்டு, சீனாவில் விளையாடி, திரும்பி வந்து கீழ்மட்ட லீக்கில் ஓடிக்கொண்டிருந்தவர். எங்கள் பையன்களுக்குப் புக்கரை விட இவரைப் பிடித்துப் போனது.

அந்த ஆண்டு எங்கள் தரம் 13 பையன்களின் நிலைமையும் ஏறத்தாழ அதுதான். ஆகஸ்டில் நடக்க வேண்டிய உயர்தரப் பரீட்சை தள்ளிப் போய் ஒக்டோபர் 12 என்று வந்திருந்தது. மார்ச்சிலிருந்து மூடிக் கிடந்த பாடசாலை ஜூலையில் திறந்து, இடையில் மூடி, மீண்டும் திறந்தது. முடிக்காத பாடங்கள் மலையாகக் கிடந்தன. நல்லாப் படித்த பிள்ளைகளுக்கே தலை சுற்றியது. தரம் 12 ஐ விளையாட்டாகக் கழித்தவர்களுக்கு, தேர்தல் மேடைச் சத்தத்துக்கு நடுவில், கடைசி மூன்று மாதம்தான் மிச்சம்.

ஜூலை 31. முதல் ஆட்டம் வொஷிங்டனோடு, 125 க்கு 112. அடுத்தது டலஸ், 117 க்கு 115. "ரெண்டு வெண்டுட்டாங்க சேர்" என்று வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சரி, நல்லது என்று பதில் போட்டோம். அதற்கு மேல் யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியோடு. இலங்கை நேரப்படி ஆகஸ்ட் 5 அதிகாலை, அதாவது எங்கள் பாராளுமன்றத் தேர்தல் நாள். எங்களில் ஒருவர் தேர்தல் கடமைக்காக முதல் நாளே வாக்குச்சாவடிக்குப் போய், வகுப்பறை வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார். சுபஹுக்கு எழும்பித் தொலைபேசியைப் பார்த்தவர் எங்களுக்கு அனுப்பியது ஒரே ஒரு காணொளி. 115 க்கு 115 சமநிலை, சில வினாடிகள் மிச்சம். பந்து புக்கரின் கையில். அவரை மறிப்பது போல் ஜோர்ஜ், லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவர். புக்கர் உடலைத் திருப்பி, பின்னால் சாய்ந்துகொண்டே எறிகிறார். மணி அடிக்கும்போது பந்து ஆகாயத்தில். உள்ளே விழுகிறது. 117 க்கு 115.

அன்றிலிருந்து பையன்களின் பேச்சு மாறியது. இந்தியானா 114 க்கு 99. மயாமி 119 க்கு 112. ஒக்லஹோமா சிற்றி 128 க்கு 101. பிலடெல்பியா 130 க்கு 117. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. எதிரணிகள் சில ஆட்டங்களில் தங்கள் முக்கிய வீரர்கள் இல்லாமல் விளையாடின என்பதையும் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவுக்கு எம்பீடும் இல்லை, சிமன்ஸும் இல்லை. ஆனால் வொஷிங்டனைத் தவிர மற்ற எதிரணிகள் எல்லாமே ஏற்கனவே கோட்டைத் தாண்டிய அணிகள். அந்த எட்டு ஆட்டங்களில் புக்கர் சராசரியாக எடுத்தது 30.5 புள்ளிகள். இம்முறை அவர் எடுத்த புள்ளிகளால் அணி வென்றது.

சன்ஸ் மட்டும் ஓடவில்லை என்பதுதான் கதையின் அடுத்த பாதி. போர்ட்லண்ட் அணியும் ஓடியது. அவர்களுடைய டேமியன் லிலார்ட், கிளிப்பர்ஸோடு நடந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில் இரண்டு தண்ட எறிகளைத் தவறவிட்டு அணி தோற்றது. எதிரணி வீரர்கள் பகிரங்கமாகக் கேலி செய்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த மனிதர் 51 புள்ளி எடுத்தார். அதற்கடுத்ததில் 61. அந்த 61 இல் ஒரு பந்து வளையத்தில் பட்டு, ஆளுயரத்துக்கு மேலே எழும்பி, நேரே கீழே வந்து உள்ளே விழுந்தது. ஒரு விரல் அகலம் தள்ளிப் பட்டிருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசி நாள் அங்கே ஆகஸ்ட் 13 வியாழன். இங்கே வெள்ளிக்கிழமை. சன்ஸ் வெல்ல வேண்டும். வென்றாலும் போதாது, மெம்பிஸ் அல்லது போர்ட்லண்ட், இரண்டில் ஒன்று தோற்க வேண்டும்.

எங்கள் நேரம் இரவு ஒன்றரைக்குத் தொடங்கிய ஆட்டத்தில் சன்ஸ் டலஸை 128 க்கு 102 என்று வென்றது. எட்டுக்கு எட்டு. அதே நேரம் மெம்பிஸ் மில்வோக்கியோடு விளையாடியது. மில்வோக்கியின் பெரிய வீரர் ஜியானிஸ், முந்திய ஆட்டத்தில் ஒருவரைத் தலையால் முட்டியதற்காக அன்று தடையில் இருந்தார். மெம்பிஸ் வென்றுவிட்டது. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். போர்ட்லண்ட், புரூக்ளின் அணியோடு. காலை ஆறரைக்குத் தொடக்கம்.

ஏழரைக்கு எங்களுக்குப் பாடசாலை. பையன்களிடம் தொலைபேசி கிடையாது. வகுப்புக்குள் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அத்தனை கண்ணும் எங்கள் சட்டைப் பையில்தான். ஒன்பது மணிவாக்கில் ஓய்வறையில் பார்த்தோம். போர்ட்லண்ட் 134, புரூக்ளின் 133. கடைசி வினாடியில் புரூக்ளினின் கரிஸ் லெவெர்ட் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. அன்று 37 புள்ளி எடுத்த மனிதர். அந்த ஒரு எறி விழுந்திருந்தால் சன்ஸ் ஒன்பதாவது.

இனிக் கணக்கு சேர் எழுதுகிறார். போர்ட்லண்ட் 35 வெற்றி, 39 தோல்வி. வெற்றி வீதம் 0.473. ஃபீனிக்ஸ் 34 வெற்றி, 39 தோல்வி. வெற்றி வீதம் 0.466. மெம்பிஸும் அச்சொட்டாக 34 க்கு 39, அதே 0.466. சமநிலை வந்தால் இரண்டு அணிகளும் பருவத்தில் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அதில் மெம்பிஸின் கை ஓங்கியிருந்தது. ஆகவே போர்ட்லண்ட் எட்டு, மெம்பிஸ் ஒன்பது, ஃபீனிக்ஸ் பத்து. மெம்பிஸ் அந்த எட்டு ஆட்டங்களில் வென்றது இரண்டு, தோற்றது ஆறு. எட்டில் எட்டு வென்றவன் வெளியே, எட்டில் இரண்டு வென்றவன் உள்ளே.

இடைவேளையில் கரும்பலகையில் இதை எழுதிக் காட்டியபோது ஒரு பையன் கேட்டான். "சேர், இது நியாயமா?"

விதிப்படி நியாயம்தான். அந்த அட்டவணை எட்டு ஆட்டங்களின் அட்டவணை கிடையாது. 73 ஆட்டங்களின் அட்டவணை. இப்போது டிசம்பருக்கு வருவோம். 2019 டிசம்பர் 14, சான் அன்டோனியோவோடு மேலதிக நேரத்தில் 121 க்கு 119 என்று சன்ஸ் தோற்றது. இரண்டு நாள் கழித்து டிசம்பர் 16, தங்கள் சொந்தத் திடலில், இதே போர்ட்லண்டிடம் 111 க்கு 110 என்று தோற்றது. ஒரு புள்ளி! அந்த இரவு அதை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். நீண்ட பருவம், இன்னும் நிறைய ஆட்டம் இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் ஃபீனிக்ஸ் 35 க்கு 38, போர்ட்லண்ட் 34 க்கு 40. ஆகஸ்டில் லெவெர்டின் பந்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஆகஸ்ட் வெற்றிக்கும் டிசம்பர் வெற்றிக்கும் அட்டவணையில் ஒரே பெறுமதிதான். தரம் 12 க்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் வருடா வருடம் சொல்வது இதைத்தான். ஓ/எல் முடித்த களைப்பில் முதல் இரண்டு தவணையும் சும்மா போகும். "இன்னும் ரெண்டு வருசம் கிடக்குதானே சேர்" என்பார்கள். அந்தத் தவணைகளில் விட்ட அலகுகளிலிருந்தும் பரீட்சையில் வினா வரும். வினாத்தாளுக்கு எது எந்த மாதம் படித்தது என்று தெரியாது.

இது பிள்ளைகளுக்கான பாடம். பெற்றோருக்கும் ஊருக்கும் சொல்ல இன்னொன்று இருக்கிறது. இந்தப் பதிவின் காரணமே அதுதான்.

அந்த 2020 தொகுதியில் எங்களோடு பந்து தட்டிய ஒரு பையன். பெயர் வேண்டாம். கணிதப் பிரிவு. தரம் 12 இன் இறுதித் தவணையில் இரண்டு பாடத்தில் சித்தியில்லை. வாப்பா வெளிநாட்டில், வீட்டில் கேட்க ஆளில்லை. கொரோனா மூடலுக்குப் பிறகு அவனுக்கு என்ன நடந்ததோ தெரியாது, படிக்கத் தொடங்கினான். கணித சேரின் வீட்டு விறாந்தையில் இரவு பத்து மணிவரை இருப்பான். கடந்தகால வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்தான். ஒக்டோபரில் எழுதினான். அடுத்த வருடம் பெறுபேறு வந்தது. மூன்று பாடமும் சித்தி, அதில் இரண்டு பி. இரண்டு வருடத்துக்கு முன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாடசாலையே சிரித்திருக்கும்.

பிறகு வெட்டுப்புள்ளி வந்தது. அவன் விரும்பிய துறைக்கு எங்கள் மாவட்டத்துக்கான இசட் புள்ளியில் இரண்டாம் தசம இடத்தில் போய்விட்டது.

அந்த வாரம் சந்தியில் பதாகைகள் கட்டினார்கள். தெரிவானவர்களின் படங்கள், பெயர்கள், வாழ்த்துக்கள். கட்ட வேண்டியதுதான், அந்தப் பிள்ளைகளின் உழைப்பு அது. ஆனால் அந்தப் பதாகைக்குக் கீழால் சைக்கிளில் போய்வந்த மற்றப் பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லை. அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்தா. எங்கள் மூவரையும் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"ராவு பகலாக் கண் முழிச்சான் சேர். எல்லாம் வீணாப் பெய்த்துதானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சன்ஸ் அணியின் அடுத்த வருடத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த எட்டு ஆட்டங்கள் முடிந்ததும் மொண்டி வில்லியம்ஸை அந்தக் கட்டத்தின் சிறந்த பயிற்றுவிப்பாளராகத் தெரிவு செய்தார்கள். தோற்றுப் போன அணியின் பயிற்றுவிப்பாளருக்கு அந்தக் கௌரவம். நவம்பரில் கிறிஸ் போல் என்ற 35 வயது அனுபவசாலி ஃபீனிக்ஸுக்கு வந்தார். முன்பு நியூ ஓர்லியன்ஸில் மொண்டியின் கீழ் விளையாடியவர். அவரோடு சேர்ந்து அடுத்த பருவத்தில் அதே புக்கர், அதே எய்ட்டன், அதே பிரிட்ஜஸ், அதே ஜோன்சன் 72 ஆட்டங்களில் 51 ஐ வென்றார்கள். மேற்கில் இரண்டாம் இடம். கைவிடப்பட்ட பெய்ன் இரண்டாம் வரிசையில் நம்பிக்கையான வீரராக நின்றார். 2010 க்குப் பிறகு முதல் பிளே ஓஃப். நடப்புச் சம்பியன் லேக்கர்ஸை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். 1993 க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிப் போட்டிவரை போனார்கள். அங்கே மில்வோக்கியிடம் 4 க்கு 2 என்று தோற்றார்கள். கிண்ணம் கிடைக்கவில்லை. இந்தக் கதைக்குச் சினிமா முடிவு கிடையாது.

ஆனால் 2020 ஆகஸ்டில் அந்தப் பையன்கள் கற்ற எதையும் அட்டவணை பறிக்கவில்லை. ஒட்டிய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பதறாமல் நிற்பது எப்படி என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பழக்கம் அவர்களோடு அடுத்த பருவத்துக்கும் போனது.

இன்னொரு விடயம். அடுத்த பருவத்திலேயே லீக் விதியை மாற்றியது. ஏழாம் இடத்திலிருந்து பத்தாம் இடம்வரை உள்ள அணிகளுக்குத் தகுதிகாண் ஆட்டம் என்று வந்தது. அந்த விதி ஒரு வருடம் முன்னதாக வந்திருந்தால், பத்தாவதாக நின்ற ஃபீனிக்ஸும் உள்ளே. அணி அதே அணி, எட்டு வெற்றி அதே எட்டு வெற்றி. கோடு மட்டும் நகர்ந்திருக்கும்.

எங்கள் வெட்டுப்புள்ளியும் அப்படித்தான். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்கள் என்று இடங்களைப் பங்கிடுகிறார்கள். இருக்கிற இடங்கள் எத்தனை, அந்த வருடம் எழுதியவர்கள் யார், எந்த மாவட்டம் என்பதைப் பொறுத்து நாலு தசம இடத்துக்கு ஒரு எண் வருகிறது. ஒரே புள்ளி ஒரு மாவட்டத்தில் உள்ளே, இன்னொரு மாவட்டத்தில் வெளியே. போன வருடம் உள்ளே, இந்த வருடம் வெளியே. இடங்கள் குறைவாக இருக்கும்போது எங்கேயாவது கோடு போடத்தான் வேண்டும், அது தேவை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவன் படிக்காதவன் என்று அந்த எண் சொல்லவே இல்லை. அதை நாம் சேர்த்துச் சொல்கிறோம்.

அந்த உம்மாவிடம் நாங்கள் சொன்னது இதுதான். "உங்கட மகன் தோத்து நின்ட இடத்துல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கான். அந்தத் தூரத்த யாராலயும் எடுக்க ஏலா. இடம் கிடைக்கல்ல, அது கவலதான். ஆனா வீண் இல்ல." அவ சமாதானமானாவா தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனா.

பையன் இரண்டாம் முறை எழுதவில்லை. வீட்டு நிலைமை. உயர் தேசிய டிப்ளோமா படித்தான். இன்று கட்டாரில் கியூ.எஸ். வேலை. நல்லாயிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். அவனுடைய கூட்டாளி ஒருவன் இரண்டாம், மூன்றாம் முறையும் எழுதி, மூன்றிலும் கிடைக்காமல், இப்போது வாப்பாவின் கடையில் நிற்கிறான். இருவரும் ஒரே திடலில் பந்து தட்டியவர்கள். எல்லோருக்கும் அடுத்த வருடம் கிறிஸ் போல் வரமாட்டார். அதனால்தான் கடைசி நேர ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது "முயன்றால் கட்டாயம் கிடைக்கும்" என்று பிள்ளைகளிடம் நாங்கள் சொல்வதில்லை. சன்ஸ் தன்னால் முடிந்த எட்டையும் வென்றது. ஒன்பதாவது ஆட்டம், புரூக்ளின் ஆட்டம், அவர்கள் கையில் இருக்கவில்லை.

ஆகவே ஊரவர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, வெட்டுப்புள்ளி வந்ததும் பிள்ளையிடம் "எவ்வளவு புள்ளியால போச்சு?" என்று முதலில் கேட்காதீர்கள். கலியாண வீட்டிலும் பள்ளி வாசலிலும் ஒவ்வொருவராகக் கேட்டால் அந்தப் பிள்ளை அந்த எண்ணை நாளைக்கு இருபது தடவை சொல்ல வேண்டியிருக்கும். எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இரண்டு, பதாகை கட்டும் கழகங்களுக்கு. தெரிவானவர்களை வாழ்த்துங்கள். அதே செலவில் ஒரு பின்னேரம், தெரிவாகாத பிள்ளைகளையும் அழைத்து ஒரு பிளேன்ரீ கொடுத்து, மூத்தவர்கள் நாலு பேர் இருந்து பேசுங்கள். மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம்.

மூன்று, தரம் 12 இல் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. கடைசி மூன்று மாதத்துக்காக டியூசன் காசைச் சேர்த்து வைக்க வேண்டாம். இப்போதே, இந்தத் தவணையிலேயே, கொப்பியைத் திறந்து பாருங்கள். உங்கள் பிள்ளையின் டிசம்பர் இதுதான்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து லுஹர் வரை நாங்கள் மூவரும் பாடசாலையில் இருப்போம். வெட்டுப்புள்ளியில் தவறிய பிள்ளைகள் பெறுபேற்றுத் தாளோடு வாருங்கள். தேசிய கல்வியியற் கல்லூரி, உயர் தேசிய டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகம், இரண்டாம் முறை எழுதுவதா இல்லையா, எல்லாவற்றையும் ஒவ்வொருவருடைய புள்ளியையும் பார்த்தே பேசுவோம். உம்மாமாரும் வரலாம். பந்து திடலில்தான் கிடக்கும், விரும்பியவர்கள் பேச்சு முடிய ஒரு ஆட்டமும் போடலாம்.